காலமானார் என்று சொல்கிற குரல்

தம்பி, அந்தப் போனைக் கொஞ்சம் நிறுத்துங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்து என்ன வரும் என்று எனக்கே தெரியும். "சிறுவன் வாத்து முட்டை சாப்பிட்டதில் ஏற்பட்ட காய்ச்சலால் காலமானார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். பொதுமக்கள் கவனமாக இருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்." அப்புறம் ஒரு லாரி ஹாரன் அடிக்கும். அதோடு முடிந்துவிடும். சரிதானா?

யார் அனுப்பினார்கள், வீட்டிலா? அதுதானே பார்த்தேன். காலடியில் இருக்கிற பையில் வாத்து முட்டைதானே? பஸ் ஸ்டாண்டு வாசலில் வாங்கினீர்களா? மூலத்துக்கா? வெட்கப்படாதீர்கள், இந்த சீட்டில் தினமும் உட்கார்ந்து போனால் இல்லாதவனுக்கும் வரும். இருங்கள், ஜன்னல் வழியாக வீசிவிடாதீர்கள். நான் இறங்க இன்னும் நேரம் இருக்கிறது. சொல்வதைக் கேட்டுவிட்டு அப்புறம் உங்கள் இஷ்டம்.

அந்தக் குரல் என்னுடையது.

சிரிக்கிறீர்கள். இப்போது பேசுகிற குரலை வைத்துப் பார்க்காதீர்கள். மைக்கைக் கையில் எடுத்தால் எனக்கு வேறு குரல் வரும். வடகரைமங்கலம் கைகாட்டியில் இறங்கி மைக் செட் கலியமூர்த்தி என்று கேட்டுப் பாருங்கள், சின்னப் பிள்ளை கூட வீட்டைக் காட்டும். ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் கட்டிக்கொண்டு சுற்றுவட்டாரம் முழுக்கச் சாவு சொன்னவன் நான். காணாமல் போன மாடு, கோயில் கொடியேற்றம், ரேஷனில் பாமாயில் வந்தது, எல்லாம் சொல்வேன். ஆனால் சாவுதான் என் தொழில். நான் சொல்லாமல் எங்கள் ஊரில் யாரும் செத்ததில்லை என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள்.

படிப்பு மூன்றாவது வரைதான். எழுதிக் கொடுத்தால் எனக்கு ஓடாது. அதனால் செத்த வீட்டு ஆள் யாராவது என் முன்னால் வந்து நின்று வாயால் சொல்ல வேண்டும். யார், எந்தத் தெரு, யாருடைய மகன், எதனால், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள். இவ்வளவுதான். கேட்டு மனதில் வாங்கிக்கொண்டால் ஒரு சொல் பிசகாது. மற்றவர்களைப் போல ஒரு தடவை பேசிப் பதிவு செய்து, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து பீடி குடிக்கிற வேலை என்னிடம் கிடையாது. ஒவ்வொரு தெருவிலும் நானே பேசுவேன். சாவுக்கு அந்த மரியாதை வேண்டாமா?

இதில் அந்த 'எதனால்' இருக்கிறதே, அதை மட்டும் சும்மா விடக் கூடாது. மாரடைப்பால், வயது மூப்பால், விபத்தால், ஏதாவது ஒன்று அங்கே இருக்க வேண்டும். நாம் காலியாக விட்டால் ஊர் தன் இஷ்டத்துக்கு எதையாவது போட்டு நிரப்பிக்கொள்ளும். எனக்குத் தெரியாதா ஊரைப் பற்றி?

இப்போது அந்த ஜெயசீலனைச் சொல்ல வேண்டும். அவன் பேரை வாயில் எடுக்கக் கூடாது என்று இருக்கிறேன், ஆனால் அவனை விட்டுவிட்டு இந்தக் கதை இல்லை. கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருப்பவன். 'வடகரைமங்கலம் செய்திகள்' என்று போனில் ஒரு குரூப் ஆரம்பித்தான். ஊரே அதில் சேர்ந்தது. சாவு வந்தால் படத்தைப் போட்டு, மாலையைப் போட்டு, விளக்கைப் போட்டு, பாடை கட்டுவதற்கு முன்னால் துபாய் வரைக்கும் போய்விடும். அப்புறம் கலியமூர்த்தி எதற்கு? மாதத்துக்கு ஒரு சாவு வந்தால் பெரிது என்று ஆகிவிட்டது. எதிரில் பார்த்தால், "அண்ணே, குழாய்ல தூக்கணாங்குருவி கூடு கட்டிருச்சா?" என்று கேட்பான். கடைக்கு வந்த பையன்கள் எல்லாம் சிரிப்பார்கள். மனதில் வைத்துக்கொள்வேன்.

அந்தத் தை மாதம் சம்பா அறுத்ததும் வழக்கம் போல ஏகாம்பரம் வாத்துக் கூட்டத்தோடு வந்து இறங்கினான். விழுப்புரம் பக்கத்து ஆள். அறுத்த வயலில் சிந்திக் கிடக்கிற நெல்லையும் நத்தையையும் மேயவிட்டு, சாயங்காலம் வலை கட்டி அடைப்பான். விடிந்ததும் முட்டை பொறுக்குவான். பெண்சாதி அஞ்சலை அதைக் கூடையில் எடுத்துத் தெருத்தெருவாக விற்பாள். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை, எப்போதும் ஒரு வாத்துக் குஞ்சைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு திரியும். வருஷா வருஷம் வருகிறவர்கள்தான். வந்த அன்றைக்கே எனக்கு ஒரு சட்டி முட்டை கொடுத்துவிட்டுப் போவான். "மாமா, ஊருக்கெல்லாம் கொரலு குடுக்குறீங்க, தொண்டைக்கு நல்லது" என்பான். நல்ல மாதிரி. கையில் நீளமான மூங்கிலை வைத்துக்கொண்டு அவன் ஒரு சத்தம் கொடுப்பான், அவ்வளவு வாத்தும் ஒரே உடம்பாகத் திரும்பும்.

அந்தச் சமயத்தில் தெற்குத் தெரு பழனிவேலு மகன் தருணேஷ் இறந்துபோனான். பள்ளிக்கூடத்துப் பிள்ளை. காய்ச்சல், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பிரேதமாகத் திரும்பியது. மூளைக் காய்ச்சல், கொசுவால் வருவது என்று டாக்டர் சொன்னாராம். அது அப்புறம் சொன்னது. எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. என் முன்னால் வந்து நின்றது பையனுடைய தாய்மாமன். அழுது அழுது மூஞ்சி வீங்கியிருந்தது. நான் வழக்கப்படி கேட்டேன், "எதனால்?"

"என்னத்தங்க சொல்றது? நல்லாத்தான் இருந்தான். முந்தாநாளு வாத்து முட்ட அவிச்சுக் குடுத்திச்சு எங்கக்கா. அதுலேருந்துதான் காச்ச."

செத்த வீட்டு ஆள் சொல்கிறான். அவனை நிறுத்தி வைத்து, டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்கச் சொல்கிறீர்களா? நீங்கள் கேட்பீர்களா? அவன் வாயில் வந்ததை நான் ஒழுங்காக ஒரு வாக்கியமாக ஆக்கினேன். அவ்வளவுதான் நான் செய்தது. கடைசியில் பொதுமக்கள் கவனமாக இருக்கும்படி என்று ஒன்று சேர்த்துக்கொண்டேன். பிள்ளை குட்டிக்காரர்கள் இருக்கிற ஊர். நம்மால் முடிந்தது.

அன்றைக்கு ஊர் என்னைக் கேட்டது, தம்பி. எத்தனையோ வருஷம் கழித்துக் கேட்டது. ஆட்டோ போகப் போகப் பெண்கள் வாசலுக்கு ஓடிவந்தார்கள். "அண்ணே, நிறுத்துங்க, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்கள். கடைத்தெருவில் சொன்னபோது அந்த ஜெயசீலனே கடையை விட்டு இறங்கி நின்றான். கையில் போன். எதற்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று அப்போது தெரியவில்லை. பக்கத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

மறுநாளே அஞ்சலை கூடை நிறைய முட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். ஒருத்தரும் வாங்கவில்லை. சாயங்காலம் இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். உள்ளே வரவில்லை, வேலிப்படலுக்கு அந்தப் பக்கமே நின்றார்கள்.

"மாமா, டாக்டரு கொசுக்கடின்னு சொல்லிட்டாராம். பழனிவேலு வூட்டுலயே பேசிக்கிறாங்க. நீங்க ஒரு தபா மைக்குல சொல்லிடுங்க மாமா. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க" என்றான் ஏகாம்பரம்.

"சொன்னத மாத்திச் சொல்ற பழக்கம் எனக்கு இல்ல ஏகாம்பரம்."

"மாத்திச் சொல்ல வேணாம் மாமா. கூட ஒண்ணு சொல்லுங்க, போதும். டாக்டரு இப்படிச் சொல்றாருன்னு. அடுத்த வயக்காரரு பட்டிய எடுங்கறாரு. இத்தனையையும் ஓட்டிக்கிட்டு எங்க போவேன்?"

அஞ்சலையோடு குழந்தையும் வந்திருந்தது. அது அந்தக் குஞ்சை என்னிடம் நீட்டியது. எனக்கு மனசு கேட்கவில்லை. "காலையில வா. வந்து நீயே முன்னால நின்னு சொல்லு, அப்படியே சொல்லிடறேன்" என்றேன். பார்த்துக்கொள்ளுங்கள், நான் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன். மாட்டேன் என்று சொல்லவில்லை.

விடிந்து டீக்கடைக்குப் போனால் பத்துப் பேர் ஒரு போனைச் சுற்றி நிற்கிறார்கள். "வாங்கண்ணே, இதக் கேளுங்க. கொள்ளிடத்துக்கு அந்தாண்டயும் ஒரு புள்ள போயிருச்சு." முதலில் ஒரு பெண் பேசினாள். "மக்களே, இது கொள்ளிடம் பக்கத்து ஊர்ல இன்னிக்கு நடந்தது, எல்லாருக்கும் அனுப்புங்க" என்றாள். அதற்குப் பின்னால் குழாயில் ஓர் ஆள் சாவு சொல்கிறான். பேர் இல்லை, தெரு இல்லை. சிறுவன் வாத்து முட்டை சாப்பிட்டதில் என்று ஆரம்பிக்கிறது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. யாரோ நம் தொழில்காரன். நல்ல குரல், தம்பி. கனமான குரல். 'காலமானார்' என்கிற இடத்தில் கொஞ்சம் இறக்கிச் சொன்னான் பாருங்கள், அது எல்லாருக்கும் வராது. வாக்கியம் நான் சொன்னது மாதிரியே இருந்ததே என்று கேட்பீர்கள். சாவு சொல்கிற வாக்கியம் எல்லாருக்கும் ஒன்றுதான், ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் படித்தது. இன்னொரு மைக் செட்காரன், செத்த வீட்டு ஆள் முன்னால் நின்று சொல்லாமல் இதைச் சொல்லியிருப்பானா? நான் தலையாட்டினேன். "சரியாத்தான் சொல்றான்" என்றேன். அந்த ஜெயசீலனும் அங்கேதான் நின்றான். என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். வாயைத் திறந்தானா? திறக்கவில்லை.

என் குரல் எனக்கே தெரியவில்லையா என்று கேட்கிறீர்கள். உங்கள் முதுகை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் ஆட்டோவுக்குள் இருப்பேன், குழாய் வெளியே பார்த்துக்கொண்டிருக்கும். ஊர் முழுக்கக் கேட்ட குரலை நான் ஒருத்தன்தான் கேட்டதில்லை.

அந்த நேரத்தில் ஏகாம்பரம் முட்டைக் கூடையும் குழந்தையுமாக வந்தான். குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான், மைக்குக்கு முன்னால் நிற்கிறவன் மாதிரி. நான் சொன்னேன், "இல்லப்பா. விஷயம் பெருசாயிடுச்சு. வேற ஊர்லயும் நடந்திருக்கு. இனிமே நான் ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல."

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து டீக்கடைப் பெஞ்சில் தட்டி, அப்படியே வாயில் ஊற்றிக்கொண்டான். இன்னொன்று. இன்னொன்று. மஞ்சள் தாடையில் வழிகிறது. "பாத்துக்குங்க, எல்லாரும் பாத்துக்குங்க" என்கிறான். ஒருத்தன் சொன்னான், "உனக்குப் பழகிப்போயிருக்கும்யா. எங்க புள்ளைக்கு?" உடனே அவன் குழந்தையைக் கூப்பிட்டு, அவித்த முட்டை ஒன்றை உரித்துக் கொடுத்தான். அது அத்தனை பேர் நடுவில் நின்று பொறுமையாகத் தின்றது. தின்றுவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, இன்னொன்று கேட்டது. "அதுவும் அதே ரத்தம்தான். அதுகளுக்கு ஒண்ணும் செய்யாது" என்று யாரோ சொல்ல, எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கும் பட்டது.

தெருக்காரர்கள் கூடிப் பேசி, வாத்துக்காரர்கள் பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்ட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதை நான்தான் சொன்னேன். வேறு யார் சொல்வார்கள்? சொல்வதுதானே என் வேலை. ஆனால் மரியாதையாகச் சொன்னேன். "அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்" என்றுதான் முடித்தேன்.

அவன் ஓட்டிக்கொண்டுதான் போனான், தம்பி. அடுத்த ஊரிலும் விடவில்லை. போனில் அவனுக்கு முன்னாலேயே போய்விட்டதே. திரும்பி வந்து எங்கள் வடிகால் வாய்க்கால் கரையிலேயே அடைத்தான். யாரோ மருந்து கலந்த நெல்லைக் கரை ஓரமாக இறைத்துவிட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியாது. காலையில் வாய்க்கால் முழுக்க வெள்ளை. பருத்திப் பொதி அவிழ்ந்து விழுந்தது மாதிரி. ஏகாம்பரம் கரையில் நின்று, அந்த மூங்கிலை வைத்துக்கொண்டு, தினமும் கொடுக்கிற அந்தச் சத்தத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஒன்றும் திரும்பவில்லை. தண்ணீர்ப் போக்கில் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். நின்று என்ன செய்ய?

இரண்டு நாள் கழித்து அவனையும் அதே வாய்க்காலில்தான் எடுத்தார்கள். தவறி விழுந்தான் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள்.

அஞ்சலை என் வீட்டுக்கு வந்தாள். இந்தத் தடவை படலைத் தள்ளிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டாள். குழந்தை இடுப்பில். "எங்களுக்கு இங்க ஆரும் இல்ல. இருந்தாலும் இந்த ஊருலதான செத்தாரு. சொல்லுங்க மாமா. எல்லாருக்கும் சொல்ற மாதிரி சொல்லுங்க" என்றாள். சரி என்று கேட்டேன். பேர் தெரியும். ஊர் சொன்னாள். அவன் அப்பா பேர் சொன்னாள். அடுத்தது என் வாயில் தானாக வந்துவிட்டது. பழக்கம், தம்பி. வேண்டும் என்று கேட்கவில்லை.

"எதனால்?"

"வாத்து முட்டையால்னே சொல்லுங்க" என்றாள்.

நான் அப்படிச் சொல்லவில்லை. 'உடல் நலக் குறைவால்' என்று போட்டேன். ஊர் பேசாமல் இருக்க அதுதான் நல்லது. கூலியும் வாங்கவில்லை. அவ்வளவு தெருவும் சுற்றிச் சொன்னேன். யாரும் வாசலுக்கு வரவில்லை.

எப்போது தெரிந்தது என்று கேட்கிறீர்களா? அவள் குழந்தையோடு ஊரை விட்டுப் போன பிறகு. கடைத்தெருவில் அந்த ஜெயசீலன் யாருக்கோ அதே குரலைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். "கலியமூர்த்தி அண்ணன் கொரலு எங்கெங்க போவுது பாருங்க" என்றான். நான் நின்றுவிட்டேன். "யாரு கொரலுடா?" என்றேன். சிரிக்கிறான். "உங்க கொரலுதாண்ணே. நான்தான் புடிச்சுக் குரூப்ல போட்டேன். எவனோ முன்னாடி பேர வெட்டிட்டு அனுப்பிட்டான்." "அன்னிக்கே ஏண்டா சொல்லல?" என்றேன். அவன் சொன்ன பதில் இருக்கிறதே. "நீங்களே கேட்டுட்டுத் தலையாட்டுனீங்க. அங்கயும் போயிச் சொல்லிட்டு வந்திருக்கீங்கன்னு நெனச்சோம். எல்லாருக்கும்தான் தெரியும், அது உங்க கொரலுன்னு. நீங்களே ரெண்டு ஊர்ல சொல்றீங்கன்னா அப்புறம் உண்மையாத்தான இருக்கணும்?"

பார்த்தீர்களா? ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. ஒருத்தன், ஒரே ஒருத்தன் என்னிடம் சொல்லவில்லை. ஏகாம்பரத்தை யார் கொன்றது, நீங்களே சொல்லுங்கள். அந்த ஜெயசீலன்தான். என்னைக் கேட்காமல் என் குரலை எடுத்தவன் அவன்தானே. அன்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை. அவன் அப்பா செத்தபோது வந்து வாசலில் நின்றான். சொல்ல மாட்டேன் என்று கதவைச் சாத்திவிட்டேன். அவன் அப்பா ஊருக்குச் சொல்லாமலேதான் போனார். போகட்டும்.

இப்போது தொழிலை விட்டுவிட்டேன். மைக்கைக் கையில் எடுத்தால், நான் 'காலமானார்' என்று சொல்வதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அவன் சொல்லிவிடுகிறான். அந்தப் போனில் இருக்கிறவன். நான் அவனுக்குப் பின்னால் சொல்கிற மாதிரி இருக்கிறது. தை பிறந்தால் எங்கிருந்தோ கிளம்பி வந்துவிடுகிறான். ஒரு வருஷம் தேனி என்கிறார்கள், ஒரு வருஷம் கடலூர். ஊர் பேர்தான் மாறுகிறது. செத்த பையன் அதே பையன், லாரி அதே லாரி. சலூனில் கேட்டேன். ஆஸ்பத்திரி வரிசையில் கேட்டேன். போன வாரம் திருச்சியிலிருந்து என் மகள் அனுப்பியிருக்கிறாள். "அப்பா, இதக் கேளுங்க, முட்டை கிட்டை வாங்கிடாதீங்க" என்கிறாள். நான் தாலாட்டுப் பாடி வளர்த்த பெண், தம்பி. அவளுக்கும் தெரியவில்லை.

அது என் குரல்தான் என்று அவளிடம் சொன்னேன். "அப்ப அது உண்மைதானாப்பா?" என்று கேட்டாள்.

இதோ, கைகாட்டி வரப்போகிறது. அந்தப் பையை இப்படி மடியில் வைத்துக்கொள்ளுங்கள், பஸ் குலுங்குகிறது. தூக்கிப் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் அவித்துச் சாப்பிடுங்கள். ஒன்றும் ஆகாது. ஏகாம்பரம் மூன்று முட்டையைப் பச்சையாகக் குடித்ததை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன்.

எனக்கா? வேண்டாம் தம்பி, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இல்லை, உங்களுக்குக் குறையும் என்று இல்லை. வீட்டுக்கு மகள் வந்திருக்கிறாள், பேரன் வந்திருக்கிறான். சின்னப் பிள்ளை இருக்கிற வீடு. பெரியவர்கள் சாப்பிட்டால் ஒன்றும் இல்லைதான். இருந்தாலும்.

நீங்களும்தானே கேட்டீர்கள். பொய் சொல்கிற ஆள் குரல் மாதிரியா இருக்கிறது?